கோச்சிங் இல்லாமல் ஜிஆர்இ: மலையில் இருந்தபடியே மதிப்பெண்ணைக் கூட்ட என்ன திட்டம்?

கோத்தகிரி_இயற்பியல்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் இருந்து எழுதுகிறேன். கோவையில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இப்போது இங்கேயே ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அமெரிக்காவில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் பிஎச்.டி.க்கு இந்த டிசம்பரில் விண்ணப்பிக்கப் போகிறேன். என் பட்டியலில் உள்ள துறைகளில் சில ஜிஆர்இ (மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) கட்டாயம் என்கின்றன, சில விருப்பம் என்கின்றன, சில வேண்டவே வேண்டாம் என்கின்றன.

தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பவர்பிரெப் மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்தேன். கணிதம் 158, வெர்பல் (ஆங்கில மொழிப் பகுதி) 147. கணிதத்தை 165க்கும் வெர்பலை 153க்கும் கொண்டுபோக வேண்டும் என்பது என் குறி.

கோச்சிங்குக்காகக் கோவை இறங்கி ஏற முடியாது. பள்ளி விட்டு வந்து, அம்மாவுக்குத் தோட்டத்து வேலையில் கை கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் இரவில் இரண்டு மணி நேரம் தேறும். ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் கிடைக்கும். தெரிந்த அக்கா ஒருவர் கொடுத்த பழைய புத்தகங்கள் இருக்கின்றன. மூவாயிரம் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. யூடியூபில் பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்தவை ஏராளம். எங்கே தொடங்குவது என்றுதான் பிடிபடவில்லை. எழுதி முடித்தவர்கள் சொல்லுங்கள்.

மேல்குன்னூர்:

முதலில் அந்தப் பழைய புத்தகங்கள் எந்த ஆண்டு என்று பாருங்கள். 2023 செப்டம்பர் 22 முதல் தேர்வைச் சுருக்கிவிட்டார்கள். முன்பு கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஓடியது, இப்போது 1 மணி 58 நிமிடத்தில் முடிந்துவிடும். இடைவேளை கிடையாது. கட்டுரை ஒன்றுதான், ‘இஷ்யூ’ வகை (கொடுத்த தலைப்பில் நம் கருத்தை எழுதுவது), 30 நிமிடம். ‘ஆர்க்யுமென்ட்’ கட்டுரையை எடுத்துவிட்டார்கள். வெர்பலில் 12 கேள்விக்கு 18 நிமிடம், அப்புறம் 15 கேள்விக்கு 23 நிமிடம். கணிதத்தில் 12 கேள்விக்கு 21 நிமிடம், 15 கேள்விக்கு 26 நிமிடம். கேள்வி வகைகள் மாறவில்லை என்பதால் பழைய புத்தகத்துக் கேள்விகளைத் தாராளமாகப் போடலாம். அதில் உள்ள முழு மாதிரித் தேர்வுகளும் நேரக் கணக்கும்தான் உதவாது.

இன்னொன்று. தேர்வுக் கட்டணமே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். உங்கள் பட்டியலில் கட்டாயம் கேட்பவை எவை, அவர்கள் எந்தப் பகுதியைப் பெரிதாகப் பார்க்கிறார்கள் என்று அந்தந்தத் துறையின் பக்கத்திலேயே படித்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், ஒரே வளாகத்துக்குள் துறைக்குத் துறை மாறுகிறது.

பந்தலூர்க்காரன்:

வணக்கம் தங்கச்சி. டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) தொழிலாளர் லைன் வீட்டில் இருந்து படித்தவன் நான், இப்போது அமெரிக்காவில் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறேன். மலையில் இருந்து படிக்கும் நிறையப் பேர், நம்மிடம் புத்தகம் போதவில்லை, சொல்லித்தர ஆள் இல்லை என்றே கவலைப்படுகிறார்கள். மதிப்பெண் ஓரிடத்தில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. தவறாகப் போட்ட கேள்வியைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கேள்விக்கு ஓடுவதுதான் காரணம்.

அதனால் இப்போதைக்குப் புதிதாக எதையும் திறக்காதீர்கள். ஏற்கெனவே எழுதிய பவர்பிரெப் தேர்வை எடுங்கள். அதில் தவறிய ஒவ்வொரு கேள்வியையும், சரியாக வந்திருந்தாலும் குத்துமதிப்பாக அடித்ததையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். விடையைப் பார்க்காமல், கடிகாரத்தைத் தூர வைத்துவிட்டு மறுபடி போடுங்கள். நிதானமாகப் போட்டால் வந்துவிடுகிறதா? அந்தப் பாடம் உங்களுக்குத் தெரியும், பழக்கம்தான் வேண்டும். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வரவில்லையா? அந்த அத்தியாயத்தை உட்கார்ந்து படித்தாக வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: கணக்கெல்லாம் சரி, ஆனால் கேட்டது ஒன்று, நீங்கள் கண்டுபிடித்தது வேறொன்று. இயற்பியல், பொறியியல் படித்தவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது அதிகமும் இந்த மூன்றாவதில்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒப்பீட்டுக் கேள்வி. ‘எக்ஸ் பூஜ்ஜியத்தைவிடப் பெரியது’ என்று மேலே கொடுத்திருக்கும். ஒரு பக்கம் எக்ஸின் வர்க்கம், மறுபக்கம் வெறும் எக்ஸ். எது பெரியது? நம் ஆட்கள் மனதுக்குள் 2 போடுவார்கள், 3 போடுவார்கள், வர்க்கம்தான் பெரியது என்று அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 1 போட்டால் இரண்டும் சமம். அரை போட்டால் வர்க்கம் கால் ஆகிவிடும், சின்னது. ஆக விடை, ‘தீர்மானிக்க முடியாது’. இதில் கணிதம் என்று எதுவும் இல்லை. முழு எண் என்று அவர்கள் சொல்லாததை நாமாகச் சேர்த்துக்கொள்கிறோம். நோட்டில் ‘தவறு, மறுபடி படி’ என்று எழுதினால் பயனில்லை. ‘முழு எண் என்று நானாக எடுத்துக்கொண்டேன், பின்னம், ஒன்று இரண்டையும் போட்டுப் பார்க்கவில்லை’ என்று எழுத வேண்டும். அடுத்த முறை அதே வகைக் கேள்வி வரும்போது கை தானாக நிற்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தேர்வு அமைந்திருக்கும் விதம் அப்படி. இரண்டாம் பிரிவு கடினமாக வருமா, எளிதாக வருமா என்பதை முதல் பிரிவில் நீங்கள் செய்ததை வைத்துத்தான் முடிவு செய்கிறது. முதல் 12 கேள்வியில் கவனக்குறைவால் நான்கைந்து போனால் எளிதான இரண்டாம் பிரிவு வரலாம். அதை முழுக்கச் சரியாகப் போட்டாலும் 165 தொடுவது கஷ்டம். உங்களுக்கு அந்த 12 கேள்விகள்தான் உயிர்நாடி. ஒரு பிரிவுக்குள் எளிய கேள்விக்கும் கடினமான கேள்விக்கும் எடை ஒன்றே. தவறான விடைக்குக் கழிப்பு இல்லை. ‘மார்க்’ செய்து வைத்துவிட்டு அதே பிரிவுக்குள் திரும்பி வரலாம். எனவே முரண்டு பிடிக்கும் கேள்வியில் மூன்று நிமிடம் உட்கார வேண்டாம். ஏதோ ஒன்றை அடித்து, மார்க் செய்துவிட்டுப் போங்கள். எதையும் காலியாக விடாதீர்கள்.

பவர்பிரெப்பில் இலவசம் இரண்டுதான். இரண்டாவதைத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு வரை தொடாதீர்கள்.

லவ்டேல்_கணக்கு_வாத்தியார்:

பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் நான். என் மாணவர்கள் சிலருக்கு இந்தத் தேர்வுக்கு உதவியதால் சொல்கிறேன். ஜிஆர்இ கணிதத்தில் கால்குலஸ் இல்லை, முக்கோணவியல் இல்லை. எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுப் பகுப்பாய்வு, அவ்வளவுதான். எம்.எஸ்சி. படித்தவர்களுக்கு இது மறந்துபோன கணிதம். ஆறாம் வகுப்பில் இருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கில வழிப் புத்தகங்களை இறக்கிக்கொள்ளுங்கம்மா, தேர்வில் வரும் சொற்களும் சேர்ந்து பழகிவிடும். சதவீதம், விகிதம், எண்களின் பண்புகள், நிகழ்தகவு, புள்ளியியல், இந்த அத்தியாயங்கள் போதும்.

பந்தலூர் தம்பி சொன்ன மூன்றாம் வகைத் தவறுக்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. பச்சைத் தேயிலை விலை இந்த மாதம் 20 சதவீதம் ஏறி, அடுத்த மாதம் 20 சதவீதம் இறங்கினால் பழைய விலைக்கே வந்துவிட்டதா? 100 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். 120 ஆகும், பிறகு 120இல் 20 சதவீதமான 24 போய் 96 ஆகும். 4 சதவீதம் நஷ்டம். எதன்மீது சதவீதம் என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்பவர், வரைபடக் கேள்விகளில் பாதியைத் தாண்டிவிடுவார்.

பூஜ்ஜியம் இரட்டைப்படை எண், 1 பகா எண் ஆகாது, 2 மட்டுமே இரட்டைப்படைப் பகா எண். இவை நுனிவிரலில் இருக்க வேண்டும். வடிவியல் படங்களை அளவுப்படி வரைந்ததாக நம்பிக் கண்ணால் அளக்கக் கூடாது. திரையில் கால்குலேட்டர் தருவார்கள். ஆனால் அதில் ஒவ்வோர் எண்ணாக அழுத்துவதற்குள் மனக்கணக்கில் முடித்துவிடலாம். பெரிய பெருக்கல், வர்க்கமூலம் வந்தால் மட்டும் திறங்கள்.

எமரால்டு_வாசகி:

மூவாயிரம் சொல் பட்டியலைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். அதை மூடி வையுங்கள். வெர்பலில் ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்து விடை சொல்லும் கேள்விகள். அங்கே பட்டியல் எந்த உதவியும் செய்யாது. மீதிப் பாதியிலும், சொல் தெரியாமல் போவதைவிட வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் போவதுதான் அதிகம்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தைப் படித்து, அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று தமிழிலேயே ஒரு சொல்லைப் போடுங்கள். உதாரணத்துக்கு, ‘அந்த விஞ்ஞானி மேடைகளில் டேஷாக இருந்தாலும், நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் மனம் திறந்து கொட்டியிருக்கிறார்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. ‘ஆல்தோ’ என்று தொடங்கும்போதே இரண்டு பாதியும் எதிரெதிர் என்று தெரிந்துவிட்டது. மனம் திறப்பதற்கு எதிர், வாய் திறக்காதவர். ‘அதிகம் பேசாதவர்’ என்று தாளில் எழுதிவிட்டுக் கையை எடுங்கள். ‘ரெடிசென்ட்’, ‘டாசிடர்ன்’ இரண்டும் கண்ணில் படும். இப்படி இரண்டு சொல் கேட்கும் வகையில், ஆறு விடைகளுக்குள் ஒன்றுக்கொன்று ஒத்த பொருளுள்ள இன்னொரு ஜோடியையும் வைத்திருப்பார்கள், அது வாக்கியத்துக்குப் பொருந்தாது. விடைகளை முதலில் படிப்பவர்கள் அந்த ஜோடியில்தான் விழுவார்கள். இரண்டில் ஒன்று சரி என்றால் அரை மதிப்பெண் எல்லாம் கிடையாது. மூன்று கோடிட்ட கேள்விக்கும் அப்படித்தான்.

மேல்குன்னூர்:

அக்கா, இதில் நான் முழுக்க ஒத்துப்போக மாட்டேன். வாக்கியத்தின் போக்கு புரிந்து, ‘அதிகம் பேசாதவர்’ என்று தாளிலும் எழுதியாகிவிட்டது, ஆனால் ‘டாசிடர்ன்’ என்றால் என்னவென்றே தெரியாது என்றால்? தமிழ் வழியில் பள்ளி முடித்த எனக்கு அதுதான் நடந்தது. தினம் பத்துப் பதினைந்து சொல் என்று அட்டையில் எழுதி, பஸ்ஸில் புரட்டிப் புரட்டித்தான் கரை சேர்ந்தேன்.

எமரால்டு_வாசகி:

சரிதான் தம்பி. சொல்லே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மூவாயிரம் வேண்டாம். தவறு நோட்டில் இருந்து வந்த சொல், படித்த கட்டுரையில் இடறிய சொல், இவற்றை மட்டும் அட்டையில் எழுதினால் சில நூறு தேறும். அதுவும் சொல்லுக்கு எதிரே வெறும் பொருளை எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுத வேண்டும். அப்படிச் சேர்த்தது மறக்காது. பத்திக்கு, தினம் ஒரு ஆங்கிலக் கட்டுரை. இயற்பியல் படித்தவர்கள் அறிவியல் கட்டுரையாகவே எடுப்பார்கள். வரலாறு, ஓவியம், சமூகவியல் என்று பிடிக்காததை எடுங்கள், தேர்வில் எல்லாம் கலந்து வரும். படித்து முடித்ததும், எழுதியவர் என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்று தமிழில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள்.

கோத்தகிரி_இயற்பியல்:

அண்ணா, சார், அக்கா எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாகத் தவறு நோட்டு மட்டும்தான் வேலை. கணிதத்தில் தவறியவற்றில் பாதிக்கு மேல் அந்த மூன்றாம் வகை! ஒரு கேள்வியில் ‘எத்தனை சதவீதம் அதிகம்’ என்று கேட்டிருக்கிறார்கள், நான் எத்தனை சதவீதம் என்று கண்டுபிடித்திருக்கிறேன். 150 சதவீதம் என்பது 50 சதவீதம் அதிகம். இன்னொன்றில் ‘எத்தனை முழு எண்கள்’ என்று கேட்டதற்குக் குறை எண்களை விட்டிருக்கிறேன். உண்மையிலேயே தெரியாமல் விட்டது நிகழ்தகவும் திட்டவிலக்கமும் மட்டும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இரண்டையும் தொடங்கிவிட்டேன் சார்.

வெர்பலில், பத்திக் கேள்விகளில் உலகத்தில் உண்மையாக இருப்பதை விடையாக அடித்திருக்கிறேன், பத்தியில் அது இல்லை. இதையும் நோட்டில் எழுதியாயிற்று.

அடுத்த கேள்வி. தேர்வை எப்போது வைத்துக்கொள்வது? வீட்டிலிருந்தே எழுதும் வசதி இருக்கிறதே, அதை எடுக்கலாமா? இங்கே மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

அரவங்காடு_ஷிஃப்ட்:

ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே படித்தவன், தேதி விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மலையில் இருப்பவர்கள் நாள்காட்டியோடு மழையையும் சேர்த்துப் பார்த்துத்தான் தேதி எடுக்க வேண்டும்.

உங்களுக்கு விண்ணப்பக் கெடு டிசம்பரில். அக்டோபருக்குள் மதிப்பெண் கையில் இருக்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். தென்மேற்குப் பருவமழையில் அடி வாங்குவது கூடலூர், அவலாஞ்சி பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. ஆக கோத்தகிரிக்காரர்களுக்குச் செப்டம்பர் முதல் பாதி நல்ல காலம். அதில் எதிர்பார்த்தது வரவில்லை என்றாலும் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம், அக்டோபர் தொடக்கத்தில் இன்னொரு வாய்ப்பு மிஞ்சும். 12 மாதத்தில் ஐந்து முறை வரை விடுவார்கள். எந்த மதிப்பெண்ணை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுடையது. மே மாதத்தில் தேதி எடுக்கவே வேண்டாம். சீசனில் மேலே ஏறக் குன்னூர் வழி, இறங்கக் கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள், மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் பாதி நாள் போய்விடும்.

வீட்டுத் தேர்வு வேண்டாம் என்பது என் கருத்து. அறைக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும், தேர்வு முடியும் வரை யாரும் உள்ளே வரக் கூடாது. சாதாரணத் தாளில் குறிப்பு எழுத முடியாது, சின்ன வெள்ளைப் பலகையிலோ, ஒளி ஊடுருவும் உறைக்குள் வைத்த தாளின் மேலோ அழிக்கும் மார்க்கரால்தான் எழுத வேண்டும். அதிலேயே கணக்குப் போட்டுப் பழகாதவர்களுக்குக் கை ஓடாது. இதற்கு மேல் கரண்ட், நெட் இரண்டும் நம் கையில் இல்லை. கோவை மையத்தில் எழுதுங்கள். முதல் நாளே இறங்கிச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். அதிகாலை பஸ்ஸில் வளைவுகளில் இறங்கி, தலைசுற்றலோடு கோவை வெயிலில் போய் உட்காருவது 158ஐ 155 ஆக்கத்தான் உதவும். சாலை மோசம் என்று முன்கூட்டியே தெரிந்தால் தேதியை மாற்றலாம், ஆனால் தேர்வுக்கு நான்கு நாளைக்கு முன்பே மாற்ற வேண்டும், அதற்கும் பணம் கட்ட வேண்டும்.

மாதக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை வரும் மே மாதத்துக்குள் பாடநூல் கணிதம் முடியட்டும். ஜூன், ஜூலையில் ஈடிஎஸ் வெளியிட்ட கேள்விகள் மட்டும், கடிகாரம் வைத்து, பிரிவு பிரிவாக. ஆகஸ்டில் ஞாயிறுதோறும் முழுத் தேர்வு, நீங்கள் பதிவு செய்த அதே நேரத்தில், இடையில் எழுந்திருக்காமல். மற்ற நிறுவனங்களின் மாதிரித் தேர்வில் வரும் மதிப்பெண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வார நாள் இரவுகளில் ஒன்றேகால் மணி நேரம் புதிய கேள்வி, மீதி முக்கால் மணி நேரம் தவறு நோட்டு.

பந்தலூர்க்காரன்:

எல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் நான் தலைகீழாக்குவேன். முதலில் நோட்டு, அப்புறம்தான் புதிய கேள்வி. பகல் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து உட்காருபவர்களுக்கு இரவு பத்து மணிக்கு நோட்டைத் திறக்கத் தெம்பு இருக்காது. அது தினமும் தள்ளிப்போகும். நேற்றைய தவறுகளை விடை பார்க்காமல் போட்டு முடித்த பிறகு புதியதைத் திறங்கள், பத்துக் கேள்வி போட்டாலும் போதும். ஒரே கேள்வியை ஒரு நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மறுபடி போட்டு, மூன்று முறையும் சரியாக வந்தால்தான் நோட்டில் அதைக் கோடு போட்டு நீக்க வேண்டும்.

மேல்குன்னூர்:

கட்டுரையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ‘இஷ்யூ’ தலைப்புகள் எல்லாவற்றையும் ஈடிஎஸ் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள், தேர்வில் வருவது அதிலிருந்துதான். வாரம் ஒன்றை எடுத்து 30 நிமிடத்தில் கணினியில் அடியுங்கள். தேர்வில் எழுத்துப்பிழை திருத்தும் வசதி இருக்காது, அதனால் நோட்பேடில் அடித்துப் பழகுவது நல்லது. போனில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்குக் கீபோர்டு வேகம் வரவே சில வாரம் பிடிக்கும். பள்ளிக் கணினி அறையைக் கேட்டுப் பாருங்கள்.

கோத்தகிரி_இயற்பியல்:

கேட்டுவிட்டேன் அண்ணா, பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் இரண்டாம் வாரம் கோவையில் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். நோட்டுதான் முதலில், அதையும் ஏற்றுக்கொண்டேன்.

பதிவு செய்யப் போகும்போது ஒரு சிக்கல். சான்றிதழ்களில் எல்லாம் இனிஷியலோடு என் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கிறது. எதைக் கொடுப்பது?

பந்தலூர்க்காரன்:

பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. மையத்தில் அசல் பாஸ்போர்ட்டை வைத்துத்தான் பெயரைச் சரிபார்ப்பார்கள், இனிஷியலோடு பதிந்திருந்தால் உள்ளே விடாமல் போகலாம், கட்டிய பணமும் திரும்பாது. டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) எழுதினாலும், பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் அதே பெயர்தான். விண்ணப்பத்தில் ‘மற்ற ஆவணங்களில் உள்ள பெயர்’ என்று ஒரு கட்டம் பெரும்பாலும் இருக்கும், இனிஷியல் பெயரை அங்கே போடுங்கள். பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.